படுத்துக்கொண்டே போகும் சபர்

எனக்குத் தெரிந்த உருதுவை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதிலும் பாதி வசவு. மீதியில் ஒன்று ‘சபர்’. ஆம்பூரில் நான் வேலை செய்த தோல் பதனிடும் டேனரியில் முதலாளி சாயபு அடிக்கடி தோல் விற்க மெட்ராசுக்குப் போய்விடுவார். ஏதாவது கேட்கலாம் என்று நாங்கள் போய் நின்றால் கணக்குப்பிள்ளை தலையைத் தூக்காமலே, “சாயபு சபர்ல இருக்காரு” என்பார். ஆகவே சபர் என்றால் பயணம் என்று எனக்கு மிக நன்றாகத் தெரியும். அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்ததுதான் கோளாறு. உருதுவே தெரியாத முட்டாளாக இருந்திருந்தால் இந்தக் கதை பாதியாகக் குறைந்திருக்கும். நான் கொஞ்சம் தெரிந்த முட்டாள்.

என் வேலை சுண்ணாம்புத் தொட்டியில். மாட்டுத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மயிர் இளகும் வரை தினமும் நீண்ட கழியால் இழுத்துப் புரட்டிப் போட வேண்டும். என் பெண்டாட்டிக்கு அதே டேனரியில் பட்டை இடிக்கிற வேலை. ஆவாரம்பட்டையை இடித்து இடித்து அவள் உள்ளங்கை இரண்டும் கறுஞ்சிவப்பாகக் கறை ஏறிக் கிடக்கும். புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது.

“அந்தக் கையால சோத்தப் போடாதமே, சோறு தோலாயிடப் போவுது” என்பேன்.

“ஆவட்டும். உன் வாய இழுத்து வச்சித் தெக்கலாம்” என்பாள்.

எங்கள் குடித்தனம் இந்த ரகம். அவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய் ஜெபம் பண்ணுவாள். நானும் போவேன். போதகர் கண்ணை மூடச் சொன்னதும் மூடுவேன்; எல்லாரும் திறந்த பிறகு அவள் இடுப்பில் குத்தினால் திறப்பேன். ஆண்டவருக்கும் எனக்கும் அவ்வளவுதான் பழக்கம்.

ஒரு நாள் தொட்டி ஓரத்தில் நின்று எங்கள் மேஸ்திரி நடக்கிற மாதிரி நடந்து காட்டிக்கொண்டிருந்தேன். மேஸ்திரிக்குத் தொந்தி முன்னால் போகும், ஆள் பின்னால் வருவார். நானும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு போனேன். ஈரத்தில் கால் வழுக்கியது. சுண்ணாம்புத் தொட்டிக்குள் முகம் குப்புற விழுந்தேன். அதையும் நடிப்பு என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். முதலில் சிரிப்பை நிறுத்தியவர் மேஸ்திரிதான். தலைமயிரைப் பிடித்து என்னை வெளியே இழுத்து, பக்கத்திலிருந்த நல்ல தண்ணீர்த் தொட்டியில் முக்கி முக்கி எடுத்தார்.

“கண்ணத் தெறடா! எரிஞ்சாலும் தெற! டேய், தெறடா!”

அதன் பிறகு மேஸ்திரி நடையை நான் நடந்து காட்டியதில்லை. காட்டினாலும் காய்ந்த தரையில்தான்.

காட்பாடி வரைக்கும் ரயில், அங்கிருந்து பாலாற்றைத் தாண்டி ஜட்கா வண்டி. வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் என் இரண்டு கண்ணிலும் மருந்து விட்டு, தலையைச் சுற்றித் துணியால் கட்டினார்.

“கண்ணு வருமா சாமி?” என்றேன்.

“இப்போ சொல்ல முடியாது. உடனே நல்ல தண்ணியில முக்கினாங்களே, அதனால இன்னும் நம்பிக்கை இருக்கு. புண் ஆறணும். கட்டுல கை வைக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது, தலைய ஆட்டக் கூடாது. நீயா அவிழ்த்து வெளிச்சத்தப் பார்த்தா அப்புறம் என்கிட்ட வராதே.”

மல்லாக்கப் படுத்தேன். எனக்கு அப்போது தெரிந்தது ஒன்று: வேடிக்கை பேசிப் பிழைக்கிறவனுக்குக் கண் ரொம்ப முக்கியம். சொல்லிவிட்டு யார் முகம் மலர்ந்தது என்று பார்க்க வேண்டும். வார்டில் நான் சொன்ன வேடிக்கை எல்லாம் கிணற்றில் போட்ட கல் மாதிரி போயிற்று. ஆர்டர்லி மட்டும், “இன்னாய்யா, தனியா பேசிக்கினு கெடக்கற?” என்றான்.

பேச ஆளில்லாமல் ஆண்டவரிடம் பேசினேன். எனக்குத் தெரிந்த ஒரே பேச்சு தோல் சந்தைப் பேச்சு. அதையே பேசினேன். “சாமி, ரெண்டும் வேணாம். ஒண்ணு குடு போதும். வலதோ எடதோ, நீயே பாத்துப் போட்டுக் குடு.” பதில் வராததால் மறுநாள் இன்னும் இறங்கினேன். “சரி, மங்கலா இருந்தாலும் பரவால்ல.”

பெண்டாட்டி ஞாயிறு ஜெபம் முடிந்து ரயிலேறி வந்தபோது இதை அவளிடம் பெருமையாகச் சொன்னேன். அவளுக்கு வந்த கோபத்தில் கொண்டுவந்த சோற்றுத் தூக்கை அப்படியே கீழே வைத்தாள்.

“ஆண்டவர் கிட்டயே பேரம் பேசுனியா? அவரு இன்னா சந்தையிலயா உக்காந்துனு இருக்காரு? நான் ரெண்டு கண்ணும்னு கேட்டுனு இருக்கறேன், நீ பின்னாடியே போயி கம்மி பண்ணிட்டு வர்ற!”

பக்கத்துக் கட்டிலில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். அவர் மேல்விஷாரத்துக்காரர், தோல் வண்டி ஓட்டுகிறவர். தோல் கட்டு சரிந்து கால் முறிந்து, காலைக் கயிற்றில் மேலே தூக்கிக் கட்டியிருந்தார்கள் என்று பெண்டாட்டி சொல்லித் தெரியும். நான் அவரைப் பார்த்ததே இல்லை. குரலை வைத்து ஒரு தாடியும் ஒரு பெரிய மூக்கும் நானாக வைத்துக்கொண்டேன். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை தோஸ்த் என்பார்.

நாள் போகப் போகப் புண் ஆற ஆரம்பித்தது. ஆறும்போது அரிக்கும் அரிப்பு இருக்கிறதே, அதற்கு எரிச்சலே தேவலை. கட்டுக்குள்ளே எறும்புப் புற்று இருக்கிற மாதிரி இருந்தது. ஒரு நாள் பிற்பகல் தாங்க முடியாமல் சத்தமாகவே புலம்பினேன்.

“வருமா வராதான்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்களே! நான் இன்னா பண்றது பாய்?”

“சபர் கரோ தோஸ்த்” என்றார் பாய். “அல்லா மேல பாரத்தப் போட்டு சபர் கரோ.”

‘கரோ’ என்றால் செய் என்று தெரியும். சபர் செய், பயணம் போ என்கிறார்.

“எங்க பாய்?”

“இன்னா எங்க?”

“எங்க போயி சபர் பண்றது?”

“அரே, எங்கயும் போவ வேணாம். இங்கியே பண்ணு.”

“இந்தக் கட்டில்லயேவா?”

“ஆமா. படுத்துக்கினேதான். நானும் அதான பண்றேன்?”

“படுத்துக்கினே எப்படி பாய் சபர் பண்றது?”

பாய் நீளமாக மூச்சு விட்டார். “கஷ்டம்தான். ஆனா எல்லாருக்கும் ஒரு நாள் வருது இல்ல? அப்போ பண்ணித்தான் ஆவணும். இப்போ உனுக்கு வந்துகீது.”

“எப்போ முடியும்?”

“அது அவனுக்குத்தான் தெரியும். டாக்டருக்கே தெரியாது.”

படுத்துக்கொண்டே போகிற பயணம். காலால் நடக்க வேண்டியதில்லை. கண்ணையும் கட்டியாயிற்று. எல்லாருக்கும் ஒரு நாள் வருவது, எப்போது என்று டாக்டருக்கும் தெரியாதது. அது எந்தப் பயணம் என்று சுண்ணாம்புத் தொட்டிக்காரனுக்குக்கூட விளங்காதா? டாக்டர் பாயிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். பாய் எனக்கு நாசூக்காகச் சொல்கிறார். அதோடு, “நானும் அதான பண்றேன்” என்றாரே! பாவம், அவரும் போகிறார். கால் முறிந்ததற்கே போகிறார். அவர் மனதை மேலும் நோகடிக்க வேண்டாம் என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. “உங்க கூடத்தான் பாய் நானும்” என்று மட்டும் சொன்னேன். அவர், “ஷாபாஷ்!” என்றார். சாவை இவ்வளவு தைரியமாக எடுத்துக்கொள்கிற மனிதனை அதற்கு முன் நான் கண்டதில்லை. அப்போதும் காணவில்லை, கண்தான் கட்டியிருந்ததே.

சாகப்போகிறவனுக்குக் கண் எதற்கு? புண் ஆறினால் என்ன, ஆறாவிட்டால் என்ன? யோசித்துப் பார்த்ததில் கண்ணால் ஆக வேண்டிய காரியம் எனக்கு ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று காத்திருந்தேன்.

ஞாயிறு வந்தது. அவள் வந்தாள். பக்கத்தில் உட்காரச் சொன்னேன். இன்னும் கிட்ட வா என்றேன். பிறகு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டின் முடிச்சைப் பிடித்து இழுத்தேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். உலக்கை பிடித்த கை. அசைக்க முடியவில்லை.

“யோவ்! இன்னா பண்ற?”

“வுடுமே. ஒரே ஒரு தரம் உன் மூஞ்சியப் பாத்துக்கறேன்.”

“கண்ணு நல்லா இருந்தப்ப மேஸ்திரி தொப்பையப் பாத்துக்கினு இருந்த. இப்போ என் மூஞ்சி கேக்குதா?”

“சாவப்போறவன் கேக்கறேன், மாட்டேன்னு சொல்லாத.”

“யாரு சாவறா?”

“நாந்தான். பாயும்தான். ரெண்டு பேரும் ஒண்ணாப் போறோம்.”

பக்கத்துக் கட்டில் கிரீச்சிட்டது. “க்யா? நான் எப்போ சாவறேன்னேன்?”

“நீங்கதான பாய் சொன்னீங்க! படுத்துக்கினே சபர் போவணும், எல்லாருக்கும் ஒரு நாள் வரும், நானும் அதான் பண்றேன்னு!”

பாய் சிரித்தார். அவர் சிரித்த சிரிப்பில் கால் தொங்கிய கயிறு ஆடி, “யா அல்லா, என் காலு! என் காலு!” என்று கத்திக்கொண்டே சிரித்தார். “அது சபர் இல்ல தோஸ்த்! இது சபர்! சபர்னா பொறும! பொறுமையா இருன்னு சொன்னேன்! நீ சொல்றது ஊருக்குப் போற சபர், அதுல நடு எழுத்த ஊதிச் சொல்லணும்.”

“ரெண்டும் ஒரே மாதிரிதான பாய் கேக்குது?”

“உன் காதுக்குக் கேக்கும். காதுலயும் சுண்ணாம்பு பூந்துடுச்சி!”

வார்டே சிரித்தது. இத்தனை நாள் ஒரு வேடிக்கைக்கும் சிரிக்காத ஆர்டர்லிகூடச் சிரித்தான். அவள் மட்டும் சிரிக்கவில்லை. என் மணிக்கட்டை இன்னும் விடவில்லை. முடிச்சு பாதி அவிழ்ந்திருந்தது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் துணி கையோடு வந்திருக்கும். ஆர்டர்லி ஓடி வந்து இறுக்கிக் கட்டினான்.

அவன் போன பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள். “தொட்டியில புதுசா வேலைக்கு வந்தவன் தோல நிமிசத்துக்கொரு தரம் தூக்கிப் பாத்தா நீ இன்னா சொல்லுவ?”

“வுடுடா, ஊறட்டும். நீ பாத்தா மட்டும் மயிரு கழண்டுக்குமாம்பேன்.”

“அதச் சொல்ற வாயி, உனக்குன்னு வந்தா மட்டும் ஏன் இப்டிப் பறக்குது? நான் உன் கண்ண ஆண்டவர் கையில குடுத்துட்டேன்யா. அவரு ஊறப்போட்டுக்கீறாரு. தெனம் போயி தூக்கித் தூக்கிப் பாக்க மாட்டேன். நீயும் பாக்காத.”

“தோலுக்கு அரிக்காதுமே” என்றேன்.

கையை அவளிடம் நீட்டினேன். “என் கையக் கட்டிப் போட்டுட்டுப் போ.”

அவள் முந்தானையைக் கிழித்து இரண்டு கையையும் கட்டிலோடு கட்டினாள். சாப்பாட்டு வேளைக்கு ஆர்டர்லி அவிழ்ப்பான், பிறகு நானே கட்டச் சொல்லுவேன். “திருடனக்கூட இப்டிக் கட்டிப் பாத்ததில்லய்யா” என்பான். “திருடன் ஓடத்தான் பாப்பான், நான் சொறியப் பாக்கறேன், நாந்தான் மோசம்” என்பேன்.

அன்றிலிருந்து ஆண்டவரிடம் பேரத்தை நிறுத்தினேன். இரண்டு கண்ணா, ஒரு கண்ணா என்று அவர் பார்த்துக்கொள்ளட்டும். என் பங்குக்கு நான் கேட்டதெல்லாம், விடிந்ததும், “இன்னிக்கிக் கை போவாமப் பாத்துக்கோ சாமி” என்பது மட்டும். அரிப்பு உச்சத்துக்குப் போகும் நேரம் பாய்க்கு என் பல் நறநறக்கிற சத்தத்தை வைத்தே தெரிந்துவிடும்.

“இன்னா தோஸ்த், சபரா?”

“சபர்தான் பாய். உங்களுக்கு?”

“எனுக்கும்தான்.”

இதுவே எங்களுக்கு சலாம் ஆகிவிட்டது.

புண் ஆறியதும் டாக்டர் இருட்டு அறைக்கு என்னை அழைத்துப்போய்க் கட்டை அவிழ்த்தார். அதுவரை மருந்து விடும்போதெல்லாம் இமை வீங்கி ஒட்டிக்கிடக்கும். அன்றுதான் முதல் தடவை திறக்கச் சொன்னார். திறந்தேன். சுண்ணாம்புத் தண்ணீரை மேலிருந்து பார்த்த மாதிரி வெறும் வெள்ளை. இடதும் வெள்ளை, வலதும் வெள்ளை. டாக்டர் மறுபடி கட்டினார்.

கட்டிலுக்கு வந்து படுத்தேன்.

“இன்னா ஆச்சு?” என்றார் பாய்.

“ஒண்ணும் தெரில பாய்.”

அவர் அந்த வார்த்தையைச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. எனக்கு அழுகை முட்டியது. அழுதால் கட்டு நனையும், நனைந்தால் புண் கெடும். ஒரு மனிதன் நிம்மதியாக அழக்கூட முடியாத வியாதி அது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். பிறகு, “சொல்லுங்க பாய்” என்றேன்.

“இன்னா சொல்ல?”

“அந்த வார்த்தய.”

“எந்த சபரு?”

“படுத்துக்கினு பண்றது.”

“கரோ தோஸ்த்” என்றார். நான் ஆர்டர்லியைக் கூப்பிட்டுக் கையைக் கட்டச் சொன்னேன்.

பெண்டாட்டி அடுத்த ஞாயிறு வந்து கேட்டாள். சொன்னேன். “சரி” என்றாள். “இன்னும் ஊறல.” அவ்வளவுதான். எழுந்து போய் வராந்தாவில் ரொம்ப நேரம் முழங்காலில் இருந்தாள் என்று ஆர்டர்லி வந்து சொன்னான்.

ரம்ஜான் பண்டிகைக்கு டேனரியை மூடினார்கள். அதனால் வாரத்தின் நடுவிலேயே வந்துவிட்டாள். பாய்க்கு வீட்டிலிருந்து சேமியா வந்திருந்தது. எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார். சாப்பிட்டு வாய் துடைக்கும்போது டாக்டர் கூப்பிட்டார். அவள் என் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள்.

கட்டை அவிழ்த்தார்கள். திறந்தேன். மறுபடியும் வெள்ளை.

“என் கை தெரியுதா?” என்றார் டாக்டர்.

“இல்ல சாமி.”

“இப்போ?”

“வெள்ளையாத்தான் இருக்குது.”

அவர் வெள்ளைக் கோட்டுப் போட்டு, வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று, கோட்டின் கை விரல்வரை மூடியிருக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? என் பெண்டாட்டிக்குத் தெரிந்தது. டாக்டர் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் குறுக்கே புகுந்து தன் உள்ளங்கையை என் மூக்குக்கு நேரே விரித்தாள்.

வெள்ளையின் நடுவே, வலது பக்கமாக, கறுஞ்சிவப்பாக ஒன்று வந்து நின்றது. அசைந்தது.

“எத்தன வெரலு?” என்றாள்.

“வெரலு தெரிலமே” என்றேன். “பட்டக் கறை தெரியுது.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் என் இடது கண்ணை மூடிப் பார்த்தார், வலதை மூடிப் பார்த்தார். வலது கண் வந்துவிடும், நாள் ஆக ஆகத் தெளியும் என்றார். இடதைப் பற்றி இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

திரும்பி வந்ததும் பாயின் கட்டில் பக்கம் போய், கண்ணுக்குத் தெரியாததைக் கையால் பார்ப்போம் என்று அவர் முகத்தைத் தடவினேன். தாடி இல்லை. மூக்கும் சின்னது. எனக்கு ஏமாற்றமாகப் போயிற்று. “ஒண்ணு வந்துடுச்சி பாய்” என்றேன். அவர் என் தலையைப் பிடித்து இழுத்து நெற்றியில் முத்தம் கொடுத்தார்.

ஊருக்குத் திரும்பும்போது ரயிலில் பெண்டாட்டி சொன்னாள்: “நீ கேட்ட ஒண்ணுதான் வந்துகீது. நான் கேட்ட ரெண்டுல பாதி.”

“அப்போ என் ஜெபம்தான் முழுசாக் கேட்டுக்கீறாரு” என்றேன். முந்தானை கிழிந்த பக்கத்தால் என் வாயில் ஒன்று போட்டாள்.

திரும்பி வந்த கண்ணுக்கு உருப்படியாக ஒரு வேலை கொடுக்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. அதுவரை எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஞாயிறு ஜெபத்துக்குப் பிறகு கோயிலில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பலகையை மூக்கில் இடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் எழுத்தைத் துரத்தினேன். ‘அ’னாவே என்னை ஒரு மழைக்காலம் அலைக்கழித்தது. விடவில்லை. ஊறட்டும் என்று தினமும் புரட்டிப் புரட்டிப் போட்டேன்.

ஓரளவு கை வந்ததும் பலகையை எடுத்துக்கொண்டு மேல்விஷாரம் போனேன். பாய் கோல் ஊன்றி நடந்துகொண்டிருந்தார். வண்டியும் ஓட்டுகிறார். என்னைப் பார்த்ததும், “சபரா தோஸ்த்?” என்று சத்தம் போட்டார்.

“ரெண்டும்தான் பாய்” என்று பலகையை நீட்டினேன். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக எழுதியிருந்தேன். “படிச்சிக் காட்டுறேன். மேல இருக்கறது பொறும. கீழ இருக்கறது ஊருக்குப் போறது.”

பாய்க்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆனாலும் குனிந்து உற்றுப் பார்த்தார். “அரே, ரெண்டும் ஒரே மாதிரி கீது?”

“ச, ப, ர். ரெண்டுக்கும் அதே மூணு எழுத்துதான் பாய். எங்க எழுத்துலயே அவ்ளோதான். அன்னிக்கி என் காதுல தப்பில்ல.”

அவர் சிரித்த சிரிப்புக்கு இந்தத் தடவை கயிறு இல்லை; கோல்தான் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

“அந்த இன்னொரு கண்ணு?” என்று கேட்டார்.

“இன்னும் வரல.”

“அப்போ?”

“சபர்தான்” என்றேன். எது என்று அவரும் கேட்கவில்லை.